மழைக்காலம் தொடங்கிவிட்டதா? உங்கள் இடத்திலேயே அளந்து முடிவுசெய்ய முழுமையான வழிகாட்டி

வெப்பமண்டலத்தில் மழைக்காலம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. முதலில் காற்றில் ஈரம் ஏறும், பிறகு காற்றின் திசை நிலைப்படும், மேகங்கள் உயரம் பிடிக்கும், மழை கடைசியாகத்தான் வரும். புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர்கள் நேராக மழையில் ஆரம்பிக்கிறார்கள். அதனால் இடியும் காற்றுமாகக் கொட்டித் தீர்க்கும் ஒரே ஒரு மாலை மழையைப் பார்த்துவிட்டு சீசன் தொடங்கிவிட்டதாக நினைத்து விதைக்கிறார்கள். அடுத்த பதினைந்து நாள் சொட்டு விழாமல் விதை கருகுகிறது.

இந்த வழிகாட்டி ஈரம், காற்று, மேகம், மழை என்ற அதே வரிசையில்தான் போகிறது. மழைமானி அமைப்பது மட்டும் முன்னால் வருகிறது. காரணம், அதை மழை வருவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும்.

1. உங்கள் இடத்தின் மழை முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. உங்கள் நாட்டு வானிலைத் துறை வெளியிடும் மாதாந்திர சராசரி மழை அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் முப்பது ஆண்டு சராசரி 1991 முதல் 2020 வரையிலானது. பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் கோடுகளாக வரைந்து பாருங்கள்.

ஒரே ஒரு மேடு தெரிகிறதா, இரண்டு தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சூரியன் தலைக்கு மேல் வந்து போவதைத் தொடர்ந்து, சில வாரங்கள் பின்தங்கி, வெப்பமண்டலத்தில் பூமியைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மழைப் பட்டையும் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பல இடங்களை அது ஆண்டுக்கு இரண்டு முறை கடக்கும். அங்கே இரண்டு மழைக்காலம். தள்ளிப் போகப் போக இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இரண்டு மழைக்காலம் உள்ள இடத்தில் ஒன்றின் அறிகுறிகளை மற்றதற்குப் பயன்படுத்த முடியாது. காற்று வரும் திசையே வேறாக இருக்கலாம்.

வெப்பமண்டலத்தில் மாத சராசரி 60 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் அது வறண்ட மாதம் என்பது காலநிலை வகைப்பாட்டில் வழக்கமான அளவுகோல். சராசரி இந்த அளவைத் தாண்டும் மாதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே கவனிக்கத் தொடங்குங்கள். வறண்ட நாட்களின் அளவு கையில் இல்லாவிட்டால் எது ஏறியது, எது மாறியது என்று சொல்லவே முடியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பக்கத்துப் பெருநகரத்தின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்வது. நடுவில் ஒரு மலை இருந்தால் அந்த எண்கள் உதவாது. ஈரக்காற்று மோதும் சரிவும் அதன் மறுபக்கமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் இடைவெளியிலேயே வெவ்வேறு உலகங்கள். தூரம் சற்று அதிகமானாலும் பரவாயில்லை, மலையின் அதே பக்கத்தில், ஏறக்குறைய அதே உயரத்தில் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. தேவையான பொருள்களும் குறிக்கும் நேரமும்

ஒரு மழைமானி, அதிகபட்ச–குறைந்தபட்ச வெப்பமானி ஒன்று, ஈரப்பதம் அறிய இரண்டு சாதாரண வெப்பமானிகள் அல்லது ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி, கம்பத்தில் கட்ட ஒரு நாடா, கோடு போட்ட நோட்டு ஒன்று. காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. பல கைபேசிகளில் அழுத்த சென்சார் உள்ளேயே இருக்கிறது.

காலையில் ஒரு நேரத்தை முடிவுசெய்து அதை மாற்றாதீர்கள். எட்டு மணி என்றால் எல்லா நாளும் எட்டு மணி. மாலை மூன்று மணிக்கு இன்னொரு முறை காற்றையும் மேகத்தையும் மட்டும் பார்த்தால் போதும். வெப்பமண்டலத்தில் ஒரே நாளுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கம், ஒரு வாரத்தில் பருவம் காட்டும் மாற்றத்தைவிடப் பெரியது. நேரம் முன்பின்னாகப் போனால் பருவ மாற்றம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் காணாமல் போய்விடும்.

நோட்டில் தேதி குறிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்று காலை மழைமானியில் இருப்பது நேற்றுக் காலையிலிருந்து பெய்தது. அதை எந்தத் தேதியில் எழுதுவது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைத்துவிடுங்கள். பாதியில் வழக்கத்தை மாற்றினால், கடைசியில் முடிவெடுக்கத் தேவைப்படும் மூன்று நாள் கூட்டுத்தொகை எல்லாம் தப்பாகிவிடும்.

3. மழைமானி: அளவைவிட இடம் முக்கியம்

கடையில் வாங்கும் கோடிட்ட குழாய் போதும். நீங்களே செய்வதாக இருந்தால் நேரான விளிம்புள்ள ஒரு புனல், அதன் கீழே ஒரு பாட்டில், அளக்க ஒரு மில்லிலிட்டர் குவளை. கணக்கு எளிது: சேர்ந்த நீரை மில்லிலிட்டரில் அளந்து, பத்தால் பெருக்கி, புனல் வாயின் பரப்பால் வகுங்கள். பரப்பு சதுர சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; அதில் 78.5 மில்லி சேர்ந்தால் 10 மி.மீ. மழை.

இந்தக் கணக்கில் பாட்டிலின் அகலம் வரவே வராது. பாட்டிலின் வெளியே ஸ்கேலை ஒட்டி நேரடியாக மி.மீ. படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். புனல் வாயும் பாட்டிலும் ஒரே விட்டமாக, பாட்டிலின் அடி தட்டையாக இருந்தால்தான் ஸ்கேல் சரிவரும். குளிர்பான பாட்டில்களின் அடி குழிந்தும் புடைத்தும் இருப்பதால் முதல் சில மி.மீ. எப்போதும் பொய்தான்.

புனலின் விட்டத்தை வெளிவிளிம்பில் அளக்காதீர்கள், உள்விளிம்பில் அளங்கள். 10 செ.மீ. புனலில் 4 மி.மீ. வித்தியாசம் வந்தால் மழையளவில் எட்டு விழுக்காடு பிசகும்.

இனி இடம். பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ மழைமானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். நான்கு மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. வாய் தரையிலிருந்து அரை மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடையே, மட்டமாக இருக்கட்டும். கீழே சிமெண்ட் தரை வேண்டாம். தெறிக்கும் துளிகள் உள்ளே விழும். புல்லோ சரளையோ போதும்.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. வேறு இடமே இல்லை என்றால் வைக்கலாம். ஆனால் கட்டடத்தில் மோதி மேலெழும் காற்று துளிகளைப் புனலுக்கு மேலாக அடித்துக்கொண்டு போகும். பலத்த காற்றோடு பெய்யும் மழையில் அளவு குறைவாகவே காட்டும். மாடியின் விளிம்பில் வைக்காமல் நடுவில் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

மழையில்லாத நாட்களிலும் தினமும் புனலைப் பாருங்கள். இலை, சிலந்திவலை, குளவிக்கூடு ஆகிய மூன்றும் வறண்ட மாதங்களில் புனலை அடைத்துவிடும். முதல் மழையின் அளவு தவறாகப் போவதற்கு இதுதான் முதல் காரணம். மழை பெய்யாத நாளுக்கு 0 என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் மழையில்லையா, பார்க்கவில்லையா என்பது பிறகு தெரியாது.

4. ஈரத்தை அளப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் அறிகுறி இது. ஆனால் பெரும்பாலோர் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். கைபேசி ஆப் காட்டும் ஈரப்பத விழுக்காடு, அதாவது ஒப்பு ஈரப்பதம், வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும். ஒரே காற்று, காலை 25 டிகிரியில் 94 விழுக்காடு காட்டும். பிற்பகல் 34 டிகிரியில் 56-க்கு இறங்கும். இரண்டு நேரமும் காற்றில் இருந்த நீராவி அதேதான்.

மாறாமல் இருந்தது பனிநிலை. மேலே சொன்ன காற்றில் அது 24 டிகிரி. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர் படியத் தொடங்குமோ அதுதான் பனிநிலை. அது ஏறினால் ஈரம் உண்மையிலேயே ஏறுகிறது என்று பொருள். நோட்டில் இந்த எண்ணுக்கு ஒரு தனிக் கட்டம் வேண்டும்.

அளக்க இரண்டு வழி. முதலாவது, ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி சுற்றி, அதன் நுனி ஒரு சிறு குப்பி நீரில் இருக்கட்டும். விசிறியால் இரண்டு, மூன்று நிமிடம் காற்று வீசி, இனி இறங்காது என்ற நிலையில் இரண்டையும் படியுங்கள். உலர்ந்தது 38, ஈரமானது 24 என்றால் பனிநிலை ஏறக்குறைய 18. உலர்ந்தது 32, ஈரமானது 26 என்றால் ஏறக்குறைய 24. மற்ற இணைகளுக்கு ஆயத்த அட்டவணைகள் கிடைக்கின்றன.

காற்று வீசாமல் படித்தால் ஈரக்குமிழ் போதிய அளவு குளிராது, ஈரம் அதிகமாக இருப்பதாகத் தோன்றும். குழாய்நீர் ஊற்றினாலும் இதே தவறுதான் நேரும். உப்பு படிந்து துணி விறைத்துப்போனால் நீர் சரியாக ஆவியாகாது. காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, துணியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இரண்டாவது வழி டிஜிட்டல் கருவி. அது காட்டும் ஒப்பு ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் கொண்டு அட்டவணையில் பனிநிலையைப் பார்த்துக்கொள்ளலாம். மலிவானவை ஐந்து விழுக்காடு வரை தவறலாம். பரிசோதிக்கச் சமையல் உப்பு போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விடுங்கள். அதையும் கருவியையும் காற்றுப்புகாத டப்பாவில், ஒன்றையொன்று தொடாமல், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். கருவி 75 விழுக்காடு காட்ட வேண்டும். 71 காட்டினால் இனி ஒவ்வொரு முறையும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். உப்பு முழுவதும் கரைந்து தண்ணீராகிவிட்டால் சோதனை செல்லாது.

வெப்பமானியும் ஈரமானியும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெயில் படாமல், காற்று எல்லாப் பக்கமும் ஊடுருவும்படி இருக்க வேண்டும். சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள். பகலெல்லாம் சூடேறிய சுவர் இரவில் வெப்பத்தை விடும், குறைந்தபட்ச வெப்பநிலை தப்பாகும்.

பருவம் நெருங்கும்போது உள்நாட்டுப் பகுதிகளில் பனிநிலை பல நாட்கள் தொடர்ந்து ஏறும். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையும் கூடவே உயரும். ஈரமும் மேகமும் தரையின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. இரவில் புழுங்குவது அதனால்தான். பிறகு மேகம் மூடி மழை தொடங்கினால் பகல் வெப்பம் இறங்கும். ஆக, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும். இந்த வித்தியாசத்தைத் தினமும் எழுதிவைத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

கடலோரத்தில் இவ்வளவு தெளிவு கிடைக்காது. அங்கே பனிநிலை ஆண்டு முழுவதும் உயர்வாகவே இருக்கும். பருவ மாற்றம் ஒன்றிரண்டு டிகிரியில் முடிந்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் அடுத்த படியை அதிகமாக நம்பவேண்டும்.

5. காற்றின் திசை

காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைத்தான் எழுதவேண்டும். நாடா வடகிழக்கு நோக்கிப் பறந்தால் அது தென்மேற்குக் காற்று. இதைத் தலைகீழாக எழுதிய நோட்டுகள் ஏராளம்.

தரைமட்டக் காற்றை அப்படியே நம்ப முடியாது. பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று, மலையடிவாரத்தில் பகலில் மேலேறி இரவில் கீழிறங்கும் காற்று என்று உள்ளூர்ச் சுழற்சிகள் பருவக்காற்றை மறைத்துவிடும். இடிமழைக்குச் சற்று முன் அடிக்கும் குளிர்ந்த காற்றும் அப்படித்தான். அது அந்த மேகத்திலிருந்து இறங்கி வெளியே பரவும் காற்று, அரை மணியில் ஓய்ந்துவிடும். அதைத் திசைமாற்றம் என்று குறிக்காதீர்கள்.

உண்மையான திசையைத் தாழ்ந்த மேகங்கள் சொல்லும். ஒரு கம்பத்தின் நுனிக்கு நேராக ஒரு தாழ்ந்த மேகத்தின் விளிம்பு தெரியும்படி நில்லுங்கள். தலையை அசைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் பாருங்கள். விளிம்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிர்த்திசைதான் காற்று வரும் திசை. இது ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிய காற்று. உள்ளூர்ச் சுழற்சிகளால் அவ்வளவாகக் குழம்பாது. காலை நேரத்தில் பார்ப்பது நல்லது. உயரத்தில் இழை இழையாகத் தெரியும் கீற்று மேகங்களை இதற்குப் பார்க்காதீர்கள்; மேலே காற்று வேறு திசையில் ஓடும்.

ஒரு வாரத்தில் ஐந்து நாளாவது மேகங்கள் மழைப் பருவத்துக்கு உரிய திசையிலிருந்து வந்தால் மாற்றம் நிலைப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு நாள் வந்து மூன்றாம் நாள் திரும்பிப் போவது முன்னோட்டம்தான்.

எல்லா வெப்பமண்டல இடங்களிலும் காற்று முழுதாகத் திரும்புவதில்லை. சில இடங்களில், வழக்கமாக ஒரே திசையிலிருந்து வீசும் அதே வணிகக்காற்று வலுக்குறைந்து, சற்றே சாய்ந்து, ஈரத்தைச் சுமந்து வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் வடகிழக்கின் வறண்ட காற்றும் தென்மேற்கின் ஈரக்காற்றும் சந்திக்கும் கோட்டைப் பனிநிலை 15 டிகிரி என்ற அளவைக் கொண்டே வரைபடத்தில் குறிக்கிறார்கள். திசை தெளிவில்லாத இடங்களில் இப்படிப் பனிநிலையையும் காற்றையும் சேர்த்தே படியுங்கள்.

6. காற்றழுத்தம்: ஒரே ஒரு எச்சரிக்கை

வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். அதிகாலை நான்கு, மாலை நான்கு மணியளவில் தாழ்வு. காலைக்கும் மாலைக்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) இறங்குவது சாதாரணம். புதியவர்கள் அதைப் பார்த்துப் புயல் என்று பதறுவார்கள்.

நேற்று இதே மணிக்கு எவ்வளவு என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். கடலோடிகளிடம் ஒரு பழைய விதி இருக்கிறது: அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் அந்தப் பருவத்தின் சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் அருகில் புயல்சின்னம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள். அப்படி நேர்ந்தால் நோட்டை மூடிவிட்டு வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள்.

கைபேசியில் படிப்பதானால் எப்போதும் ஒரே தளத்தில் படியுங்கள். எட்டரை மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். மூன்று மாடி ஏறி இறங்கினாலே வானிலை மாறியதுபோல் காட்டும்.

7. மேகங்களைப் படிப்பது

வறண்ட காலத்து மேகங்கள் பஞ்சுத் துண்டுகள்போல் சிறிதாக, தட்டையான உச்சியோடு இருக்கும். மேலே உள்ள வெப்பமான வறண்ட அடுக்கு அவற்றை வளரவிடாமல் மூடிபோல் அழுத்துகிறது. ஈரமான அடுக்கு தடிக்கத் தடிக்க மேகங்கள் அகலத்தைவிட உயரம் கூடி வளரும். பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்து, உயரம் அகலத்தைவிட அதிகமா, சமமா, குறைவா என்று ஒரு சொல் எழுதுங்கள். வாரக்கணக்கில் பார்த்தால் அந்தச் சொல் மாறிவருவது தெரியும்.

நடு உயரத்தில், வரிசையாக, கோட்டைக் கொத்தளம்போல் முட்டுமுட்டாக எழும் சிறு மேகங்கள் காலையிலேயே தெரிந்தால் அன்று பிற்பகல் இடிக்கு வாய்ப்பு அதிகம். மேல் வளிமண்டலம் நிலையற்று இருப்பதை அவை காட்டுகின்றன.

பருவத்துக்கு முந்தைய மழையையும் பருவ மழையையும் பிரித்தறிய, பெய்த விதத்தைக் குறித்துவையுங்கள். முந்தையது பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ, தனித்த உயரமான மேகத்திலிருந்து, பலத்த காற்றும் மின்னலுமாகக் கொட்டி ஒரு மணியில் முடியும். மறுநாள் வானம் வெறிச்சென்று இருக்கும். பருவ மழை நேரம் பார்க்காது. வானம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் மூடி, மின்னல் குறைந்து, விட்டுவிட்டு நீளும். மழையின் தொடக்க நேரம், முடிந்த நேரம், இடி உண்டா என்ற மூன்றும் இல்லாமல் மழையளவை மட்டும் எழுதிய நோட்டில் இந்த வேறுபாட்டைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

மேகம் பார்க்க வெளியே நிற்பவர்களுக்கு: மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள வினாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். முப்பது வினாடிக்குள் கேட்டால் உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழித்து வெளியே வந்து மழைமானியைப் படிக்கலாம்.

8. சாட்டிலைட், ரேடார் படங்கள்

வீட்டுக் கருவிகள் உங்கள் தலைக்கு மேல் உள்ளதை மட்டுமே காட்டும். எவ்வளவு பெரிய அமைப்பு வருகிறது என்பதை அறிய ஹிமாவாரி, மீட்டியோசாட், கோஸ், இன்சாட் ஆகியவற்றில் உங்கள் பகுதியைப் பார்க்கும் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தைப் பாருங்கள். நேரம் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தவறால் நள்ளிரவுப் படத்தைப் பிற்பகல் படமாக நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழை இல்லை. அகச்சிவப்புப் படம் மேக உச்சியின் குளிரைத்தான் காட்டுகிறது. மெல்லிய கீற்று மேகமும் உயரத்தில் குளிர்ந்திருப்பதால் வெளுப்பாகவே தெரியும். ஒற்றைப் படத்தை விட்டு, ஆறு மணி நேர ஓட்டத்தைப் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து பொங்கிப் பெருகும் கூர்விளிம்புள்ள திட்டு மழை மேகம்; இழைபோல் விரைந்து ஓடுவது கீற்று.

தினமும் ஒரே நேரத்துப் படத்தைப் பார்ப்பது இங்கேயும் முக்கியம். நிலத்தின் மேல் மேகம் பிற்பகலில் பெருகி இரவில் தேயும். நேற்று மாலைப் படத்தையும் இன்று காலைப் படத்தையும் ஒப்பிட்டுப் "பருவம் பின்வாங்கிவிட்டது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ரேடாரில் தூரத்தைக் கவனியுங்கள். கற்றை நேர்க்கோட்டில் போக, பூமி வளைந்து கீழே போகிறது. அரை டிகிரி சாய்வில் புறப்பட்ட கற்றை 200 கிலோமீட்டர் தாண்டும்போது தரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே பெய்யும் மழை திரையில் தெரியாது.

இதற்கும் மேலே போக விரும்புபவர்கள் மேடன்–ஜூலியன் அலைவைப் பாருங்கள். மேகமும் மழையும் அதிகமான ஒரு பகுதி 30 முதல் 60 நாளில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்காக நகர்ந்து உலகைச் சுற்றுகிறது. அது உங்கள் நெடுவரையை (தீர்க்கரேகையை) நெருங்கும் வாரத்தில் பருவம் தொடங்கும் வாய்ப்பு கூடும், கடந்துபோன பிறகு குறையும். அலைவு இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் புள்ளியாகக் காட்டும் வரைபடத்தில் அந்தப் புள்ளி நடு வட்டத்துக்குள் இருந்தால் அலைவு வலுவிழந்திருக்கிறது, அதைவைத்து எதுவும் சொல்லாதீர்கள். எல் நினோ, லா நினா (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதும் குளிர்வதும்) பற்றிய செய்திகள் மொத்தப் பருவத்தின் சாய்வைக் காட்டுபவை. எந்த வாரம் மழை தொடங்கும் என்பதற்கு அவற்றைப் புரட்டிப் பயனில்லை.

9. தொடங்கிவிட்டதா? முடிவெடுக்கும் விதி

விதியைப் பருவம் வருவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது எழுதப்படும் விதி, அந்த மழைக்குத் தோதாகவே அமைந்துவிடும்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் நல்ல யோசனை கிடைக்கும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்க, மே 10-க்குப் பிறகு, குறிப்பிட்ட 14 நிலையங்களில் 60 விழுக்காட்டில் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்திருக்க வேண்டும்; அதோடு மேற்குக் காற்றின் ஆழமும் வேகமும், மேகத் திரளைக் காட்டும் வெப்பக் கதிர்வீச்சு அளவும் ஒத்துவர வேண்டும். வட ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் 1-லிருந்து பெய்த மொத்தம் 50 மி.மீ.-ஐ எட்டும் நாளைக் கணக்கில் எடுக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் சகேல் பகுதிக்கான ஆய்வுகளில், மூன்று நாளுக்குள் 20 மி.மீ. பெய்து, அடுத்த முப்பது நாளில் ஏழு நாளுக்கு மேல் வறட்சி வராவிட்டால்தான் விதைப்புக்கு ஏற்ற தொடக்கம்.

அந்தக் கடைசி நிபந்தனைக்குக் காரணம் உண்டு. பருவத்துக்கு முந்தைய வெயிலில் ஈரமான நிலத்திலிருந்து நாளுக்கு ஐந்து முதல் ஏழு மி.மீ. ஆவியாகும். 20 மி.மீ. மழை மூன்று, நான்கு நாளில் தீர்ந்துபோகும்.

சகேல் விதியில் அடுத்த முப்பது நாளை முன்கூட்டி அறிய வழியில்லை. அந்த இடத்தைத்தான் ஈரமும் காற்றும் நிரப்புகின்றன. வீட்டு நோட்டுக்குப் பொருந்தும் ஒரு கைவிதி இது: பனிநிலையின் ஏழு நாள் சராசரி, வறண்ட கால அளவைவிட உள்நாட்டில் நான்கு டிகிரியாவது, கடலோரத்தில் ஒன்றரை டிகிரியாவது ஏறி நிற்கவேண்டும், தாழ்ந்த மேகங்கள் ஏழில் ஐந்து நாள் பருவத் திசையிலிருந்து வரவேண்டும், மூன்று நாளில் 20 மி.மீ., அதுவும் ஒரே நாளில் கொட்டாமல் குறைந்தது இரண்டு நாளாகப் பிரிந்து பெய்யவேண்டும். மூன்றும் சேர்ந்தால் தொடக்கம். எண்களை உங்கள் இடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம், ஒரு பருவம் முடிந்த பிறகு மட்டும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. திங்களன்று மாலை இடியோடு 46 மி.மீ.; செவ்வாய், புதன் 0. பனிநிலை சராசரி 17-லிருந்து 18-க்கு ஏறியிருக்கிறது, காற்று ஏழில் இரண்டு நாள்தான் திரும்பியது. மழையளவு மிரட்டினாலும் இது தொடக்கம் ஆகாது. மூன்று வாரம் கழித்து 9, 4, 11 மி.மீ. என்று மூன்று நாள். பனிநிலை சராசரி 23, காற்று ஆறு நாள் பருவத் திசையில். மொத்தம் 24 மி.மீ.தான், ஆனால் இதுதான் தொடக்கம்.

பல ஆண்டுகளின் தினசரி அளவு கையில் இருந்தால் பழைய தொடக்க நாட்களை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம். ஆண்டு மழையை 365-ஆல் வகுத்து நாள் சராசரியைக் கணக்கிடுங்கள். வறண்ட காலத்தின் நடுவில் தொடங்கி, ஒவ்வொரு நாள் மழையிலிருந்தும் அந்தச் சராசரியைக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். வறண்ட நாட்களில் கூட்டுத்தொகை இறங்கும், மழைக்காலத்தில் ஏறும். அது அடிமட்டம் தொட்டுத் திரும்பும் நாளே அந்த ஆண்டின் தொடக்கம். இரண்டு மழைக்காலம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போடுங்கள்.

10. எந்த அறிகுறிக்கு எந்த வேலை

பனிநிலை ஏறத் தொடங்கியதும், மழைக்காகக் காத்திராமல், கூரை, கால்வாய், வடிகால் வேலைகளை முடித்துவிடுங்கள். முதலில் வரும் இடிமழைதான் குறுகிய நேரத்தில் அதிகம் கொட்டும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் 50 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 83 லிட்டர் வரும். வடிகுழாயின் மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் உள்ளே அடைப்பு இருக்கிறது.

காற்று நிலைப்பட்டதும் நிலத்தைத் தயார்செய்யலாம், விதையை வாங்கி வைக்கலாம். விதைப்பது மூன்று நிபந்தனையும் சேர்ந்த பிறகுதான். அதற்கும் முன் மண்ணைத் தோண்டி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். காய்ந்த நிலத்தில் 25 மி.மீ. மழை மணலில் ஏறக்குறைய 30 செ.மீ. இறங்கும், வண்டல் கலந்த மண்ணில் 15 முதல் 20, களிமண்ணில் 10-ஐ ஒட்டித்தான். இதைவிட மிகக் குறைவாக இருந்தால் நீர் இறங்காமல் மேலோடு ஓடியிருக்கிறது. மழைமானியின் எண்ணை அந்த நிலத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தொடங்கிய பிறகும் நோட்டை நிறுத்தாதீர்கள். பருவத்தின் நடுவில் ஒரு வாரம், பத்து நாள் மழை ஓய்வது இயல்பு. அந்த நாட்களில் பனிநிலை உயர்ந்தே நின்று, மேகமும் பருவத் திசையிலிருந்தே வந்துகொண்டிருந்தால் அது இடைவெளி. பனிநிலை இறங்கி, காற்றும் திரும்பிவிட்டால் பருவம் முடிந்துகொண்டிருக்கிறது.